ஆர்பிஜியில் சிரிப்பை எங்கே நிறுத்துவது? துக்க வீட்டில் கோழித் தொப்பியோடு நிற்கும் நாயகி

தக்கலைக்காரன் எழுதியது:

ஆர்பிஜி மேக்கர் எம்வி என்னும் மென்பொருளில் ஒரு கணினி ஆட்டம் செய்துகொண்டிருக்கிறேன். ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக நின்று கதையை விளையாடும் வகை. தொடக்கம் முதல் முடிவு வரை சுமார் நான்கு மணி நேரம் ஓடும். களம், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே எங்கோ இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு கடற்கரை ஊர். நாயகி ஜெனிக்குப் பதினைந்து வயது. முதல் பாதியில் அவள் ஊர் சுற்றுகிறாள், எடுபிடி வேலை செய்கிறாள், பாறை இடுக்கில் குடியிருக்கும் நண்டு அரக்கர்களோடு மோதுகிறாள். நடுவில் புயல் வருகிறது. அப்பா போன படகு திரும்பவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் காத்திருப்பும் தேடலும்தான்.

புயலுக்குப் பெயர் வைக்கவில்லை. வைக்காவிட்டாலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் எவரும் ஒக்கிப் புயலை நினைக்காமல் விளையாட மாட்டார். 2017 நவம்பர் 30 அன்று நான் பள்ளி மாணவன். தக்கலைப் பக்கம் அது முறிந்த ரப்பர் மரம், சாய்ந்த மின்கம்பம், இருட்டு. அம்மாவின் ஊர் கடற்கரை. அங்கிருந்து வந்த செய்திகளெல்லாம் ஆட்களின் பெயர்கள். ஆகவே இதைக் கேலிக்கூத்தாக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனால் முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். விரும்பித்தான் அப்படி எழுதினேன். ஜெனியின் அணியில் சேரும் லூக்காஸ் மாமா கரையில் மீன் ஏலம் விடுபவர். சண்டையில் அவருடைய திறனும் 'ஏலம்'தான். நண்டு அரக்கனைக் காட்டி விலை கூறத் தொடங்குவார்: நூறு, நூற்றைம்பது, இருநூறு. விலை ஏற ஏற அரக்கனுக்குத் தலை சுற்றும். யாராவது "எனக்கு" என்று சொல்லிவிட்டால் அவன் விற்றுப்போய்ச் சண்டையை விட்டே போய்விடுவான். இதுபோக, காணாமல்போன ஒரு கோழியைத் தேடும் பக்கக் கதை இருக்கிறது. கண்டுபிடித்தால் கோழியைத் தொப்பியாகத் தலையில் வைத்துக்கொள்ளலாம். அதிர்ஷ்டம் மூன்று புள்ளி கூடும்.

நண்பர்கள் சிலருக்கு விளையாடக் கொடுத்தேன். ஒருவர் புயலுக்கு மறுநாள் காட்சியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஊர்ப் பெண்கள் குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) முன்னால் முழந்தாளிட்டு அழுதுகொண்டிருக்க, ஜெனியின் தலையில் கோழி இருந்தது. இன்னொருவர் அந்தக் கோழிக் கதைக்கே போகவில்லை. அவருடைய குறை வேறு. புயலுக்குப் பிறகு ஒருவர்கூட வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசவில்லை, இடையில் எழுத்தாளர் மாறிவிட்டாரா என்று கேட்டார். பாதியிலேயே நிறுத்தியும்விட்டார்.

முதல் பாதியின் சிரிப்பைக் குறைப்பதா? இரண்டாம் பாதியில் சேர்ப்பதா? சேர்த்தால் எங்கே, யார் வாயில்? பெரிய ஆட்டங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். 'இரண்டும் அளவோடு இருக்க வேண்டும்' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அளவு எது என்பதுதானே கேள்வி.

வேப்பமூடு எழுதியது:

குறைத்துவிடுங்கள். ஏலத் திறனை முதலில் எடுங்கள். விற்றுப்போகும் அரக்கன் உள்ள உலகத்தில் ஒருவர் கடலில் காணாமல்போனால் நான் ஏன் நம்ப வேண்டும்? அவரையும் யாராவது ஏலத்தில் எடுத்து வருவார்கள் என்றுதான் காத்திருப்பேன்.

எடுத்துக்காட்டு கேட்டீர்கள். 1998இல் வந்த ஃபால்அவுட் 2 பற்றி ரசிகர்களிடம் இன்றும் ஒரு மனக்குறை உண்டு. அணுப்போருக்குப் பிந்திய உலகம் என்று சொல்லிவிட்டு, திரும்பிய பக்கமெல்லாம் சினிமாக் கிண்டலும் தொலைக்காட்சிக் கிண்டலும். 2010இல் அதே வரிசையில் ஃபால்அவுட்: நியூ வேகஸ் செய்தவர்கள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார்கள். 'வைல்ட் வேஸ்ட்லேண்ட்' என்ற குணத்தைத் தொடக்கத்தில் நீங்களாகத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த வகைக் கோமாளித்தனங்கள் வரும். வேண்டாம் என்பவருக்கு அந்த இடங்களில் சாதாரணப் பாலைவனம். நீங்களும் அப்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். கோழி வேண்டுமா, வேண்டாமா என்று முதல் திரையிலேயே கேட்டுவிடுங்கள்.

தோவாளைக் குடம் எழுதியது:

மக்களே, வேப்பமூட்டுத் தம்பி சொல்வதைக் கேட்டு அவசரப்பட்டு எதையும் வெட்டிவிடாதே. நியூ வேகஸ் உதாரணம் நல்ல உதாரணம்தான், ஆனால் உனக்குப் பொருந்தாது. அங்கே சுவிட்சுக்குள் வைத்து அடைத்தது வெளியிலிருந்து ஒட்டவைத்த கிண்டல்களை. அந்தப் பாலைவனத்து மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நையாண்டி சுவிட்ச் இல்லாமலேதான் வருகிறது. உன் லூக்காஸ் மாமா அந்த ஊர்க்காரர். அவரை எப்படி அணைப்பாய்?

நான் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவன். கோயில் கொடைத் திருவிழா இல்லாத மாதங்களில் மகனுடைய பிளேஸ்டேஷனை அவன் தூங்கிய பிறகு எடுத்துக்கொள்கிறேன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேசலாம்.

கொடைக்குப் பாடும் கதைகளைப் பார். பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்களின் கதை. கொலைப்பட்டவர்கள்தான் தெய்வமாகி நிற்கிறார்கள். அப்படிப்பட்ட கதையை இரவு இரண்டு மணிக்கு, சோறு உண்டு கண் சொருகும் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். வில்லடிப்பவர் கதையை நடத்திக்கொண்டு போவார். பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார், குறுக்குக் கேள்வி கேட்பார், அந்த ஊர் டீக்கடைக்காரரைக்கூட இழுத்துக் கிண்டல் செய்வார். கூட்டம் சிரித்துச் சிரித்து விழித்துக்கொண்டிருக்கும். பிறகு தெய்வம் உயிர்விடும் கட்டம் நெருங்கும். என் கையில் அடி மாறும், வேகம் கூடும். சாமியாடிக்கு அருள் வரும் நேரம் அது. அப்போது அந்த வேடிக்கைக்காரர் 'ஆமா'வைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார். அவரை நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டுவதில்லை. குடத்தின் சத்தம் போதும்.

கவனி: அவர் எழுந்து போய்விடுவதில்லை. அதே இடத்தில் இருக்கிறார். ஒரு மணி நேரம் சிரிக்க வைத்த ஆள் இப்போது சிரிக்கவில்லை என்பதைக் கூட்டம் பார்க்கிறது. அதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடும். உன் இரண்டாம் பாதி வறண்டு கிடப்பதற்குக் காரணம் சிரிப்பு இல்லாதது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சிரிக்க வைத்தவர்களை எங்கே அனுப்பினாய்? லூக்காஸ் மாமா புயலுக்குப் பிறகு என்ன செய்கிறார் என்று நீ எழுதவே இல்லையே.

சிரிப்பும் சாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கலாம். ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997) விளையாடியிருப்பாய். நாயகன் கிளவுடுக்குப் பெண் வேடம் போட்டு டான் கார்னியோ மாளிகைக்குள் அனுப்புகிறார்கள். பொய்க் கூந்தல், பட்டுச் சட்டை, வாசனைத் திரவியம் என்று ஒவ்வொன்றாகச் சேகரிக்க நம்மை அலைய விடுகிறார்கள். முழுக் கூத்து. அந்தக் கூத்தின் முடிவில், மிரட்டலுக்குப் பயந்த அந்த அசட்டு கார்னியோ வாயிலிருந்துதான் செய்தி வருகிறது: செக்டர் 7 என்னும் சேரிப் பகுதி மீது மேல்தட்டை இடித்துத் தள்ளப் போகிறார்கள். சாக்கடையில் விழுந்து எழுந்து ஓடுகிறோம். தட்டு விழுகிறது. கூட்டாளிகள் பிக்ஸ், வெட்ஜ், ஜெஸ்ஸி மூவரும் அங்கேயே உயிரை விடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் திரை போட்டு, பாட்டை மாற்றி, 'இனி சோகம்' என்று பலகை வைக்கவில்லை. கெட்ட செய்தியே கோமாளிக் காட்சியின் வயிற்றிலிருந்து பிறக்கிறது. அந்த வேடத்துக்காக அலைந்த நேரத்தை நினைத்து நமக்கே கூசுகிறது. எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்தது அது.

மாஸ் எஃபெக்ட்டில் மோர்டின் என்றொரு விஞ்ஞானி, சாலேரியன் என்னும் வேற்றுக்கிரக இனத்தவர். இரண்டாம் பாகத்தில் (2010) மூச்சு விடாமல் ஒரு வேடிக்கைப் பாட்டுப் பாடுவார். பேசும்போதே பாதி எழுவாயை விழுங்கிவிடும் ஆள். அவர் பாடுவதைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது. ஆனால் ஓர் இனத்துக்கே பிள்ளைப்பேற்றை அரிதாக்கிய நோயைப் புதுப்பித்த கையும் அவருடையதுதான். மூன்றாம் பாகத்தில் (2012) அதற்கு மருந்து பரப்ப, இடியப்போகும் கோபுரத்தின் உச்சிக்குத் தனியாகப் போகிறார். வேலை செய்துகொண்டே அந்தப் பழைய பாட்டை முணுமுணுக்கிறார். முடிப்பதற்குள் வெடித்துவிடுகிறது. சிரிப்புப் பாட்டை முதலிலேயே வெட்டியிருந்தால் அந்த முடிவுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு விஞ்ஞானி செத்தார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். யார் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். டிஸ்கோ எலிசியத்தில் (2019) நாயகன் நினைவு தப்பிய குடிகாரத் துப்பறிவாளன். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில், மின்விசிறியில் தொங்கும் தன் கழுத்துப் பட்டையை எட்டிப் பிடிக்கப்போய் நெஞ்சு அடைத்துச் சாகலாம். அத்தனை அபத்தம். வெளியே மரத்தில் ஒரு பிணம் நாள்கணக்கில் தொங்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவர் கிம் கிட்சுராகி. நாயகன் என்ன உளறினாலும் முகம் மாறாமல் குறிப்பேட்டைத் திறப்பார். அவர் மட்டும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கியிருந்தால் அந்த ஆட்டம் அன்றே தெருக்கூத்தாகியிருக்கும். எங்கள் மேடையில் வேடிக்கைக்காரருக்கு வில்லடிப்பவர் எப்படியோ அப்படி. உன் ஆட்டத்தில் லூக்காஸ் மாமாவைப் பார்த்துச் சிரிக்காமல் நிற்கும் ஒருவர் இருக்கிறாரா? ஜெனியின் அம்மாவை அப்படி வைக்கலாமே.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நம் ஒழுகினசேரிக்காரர், வில்லடித்தவர் என்பதையும் ஒரு பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன். தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்து அடித்துக்கொள்வதையும் உன் தாத்தாவிடம் கேட்டுப் பார். இந்த மண்ணுக்கு இது புதிதல்ல.

என் யோசனை இது. புயலுக்கு மறுநாள் லூக்காஸ் மாமா கரையில் நிற்கிறார். திரும்பி வரும் படகுகளை அதே ஏலக்குரலில் எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. சண்டையில் கேட்ட அதே குரல். எண்ணிக்கை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எங்கள் மேடையில் அடி எப்போது மாறும் என்பது எங்கள் கையில். ஆட்டத்தில் அது விளையாடுபவர் கையில் இருக்கிறது. அவர் கோழியைத் தேடிக்கொண்டே எந்தக் காட்சிக்குள்ளும் நுழைவார். கணினி தெரிந்தவர்கள் யாராவது வாருங்கள்.

மேசைவிளக்கு எழுதியது:

கணினி தெரிந்தவன் வந்திருக்கிறேன்.

தொப்பிச் சிக்கல் எளிது. புயல் காட்சி தொடங்கும் ஈவென்ட்டில் (ஒரு காட்சியையோ பாத்திரத்தையோ இயக்கும் கட்டளைத் தொகுப்பு) முதல் கட்டளையாகக் கோழியைக் கழற்றிவிடுங்கள். ஆனால் சத்தமில்லாமல் கழற்றாதீர்கள். காற்றில் பறந்து போகட்டும், அல்லது ஜெனியே இறக்கி வைக்கட்டும். விளையாடுபவர் அணிந்ததை ஆட்டம் காரணம் சொல்லாமல் பிடுங்கினால் எரிச்சல் வரும்.

ஊர்க்காரர்களுக்கு: எம்வியில் ஓர் ஈவென்ட்டுக்குப் பல பக்கங்கள் வைக்கலாம், நிபந்தனை பொருந்தும் பக்கங்களில் எண் பெரியதே ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'புயல் முடிந்தது' என்று ஒரு சுவிட்ச். அது எரிந்ததும் ஊரில் உள்ள ஒவ்வொரு என்பிசிக்கும் (விளையாடுபவர் இயக்காத பாத்திரம்) இரண்டாம் பக்கம் திறக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும். ஒரே ஒருவர் பழைய வேடிக்கை வசனத்தைத் திருப்பிச் சொன்னால் போதும், ஊரே பொம்மை என்று தெரிந்துவிடும். முடியாத பக்கக் கதைகளை மூடலாம். ஆனால் மூடுவதைவிட மாற்றுவது நல்லது: கோழியைத் தொலைத்த பாட்டி, புயலுக்குப் பிறகு கோழியைப் பற்றிக் கேட்காமல் வேறு ஏதாவது கேட்கட்டும்.

வேப்பமூடு எழுப்பிய ஐயத்துக்கு ஒரு விடை. யகுசா: லைக் எ டிராகன் (2020) ஆட்டத்தில் சண்டைகள் கேலிச்சித்திரம் போலிருக்கும், தெரு ரவுடிகள் விசித்திர உருவங்களாக மாறுவார்கள். ஆனால் கதை கொலை, சிறை, துரோகம் என்று போகும். இரண்டும் எப்படி ஒட்டுகின்றன? நாயகன் இச்சிபான் சிறு வயதில் டிராகன் குவெஸ்ட் என்னும் ஆர்பிஜி விளையாடி வளர்ந்தவன். அந்த உருவங்கள் அவன் மனத்தில் தெரிபவை. ஆட்டத்தின் கிறுக்குத்தனம் உலகத்தின் தலையில் விழாமல் ஒரு மனிதனின் குணமாகிவிடுகிறது. உங்கள் நண்டு அரக்கர்களும் ஏலமும் ஜெனி மனத்துக்குள் நடத்தும் விளையாட்டு என்று வைத்துவிட்டால், வேப்பமூடு கேட்ட கேள்வி எழாது. புயலுக்குப் பிறகு அவள் பாறைக்குப் போனால் அங்கே வெறும் நண்டுகள் இருக்கலாம். சண்டைத் திரை திறக்காமலே போகலாம்.

இன்னொன்று, யாரும் பேசாத ஒன்று: நேரம். எழுத்தில் வேடிக்கை பாதி நிறுத்தத்தில் இருக்கிறது. அண்டர்டேலில் (2015) சான்ஸ் என்னும் எலும்புக்கூடு ஓயாமல் கடி ஜோக் சொல்லும். ஓர் உணவகத்தில் நம்மை உட்காரவைத்து, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் ஜோக் சொன்ன கதையைச் சொல்கிறது. அவளுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் இல்லையென்றால் உன்னைக் கொன்றிருப்பேன் என்று அதே பேச்சில் முடிக்கிறது. அப்போது இசை இல்லை, கண்ணில் வெளிச்சம் இல்லை, எழுத்து மெதுவாக வருகிறது. அடுத்த நொடி வேடிக்கைதான் என்று சிரித்துவிடுகிறது. நமக்குத்தான் சிரிப்பு வராது. எம்வியில் இதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது: வசனத்துக்குள் இடச்சாய்கோடும் புள்ளியும் போட்டால் கால் நொடி நிற்கும், இடச்சாய்கோடும் நேர்கோடும் போட்டால் ஒரு நொடி.

தமிழுக்கு ஓர் எச்சரிக்கை. எம்வி வசனத்தை ஒவ்வொரு குறியாக வரையும். 'கோ' என்று எழுதினால் ககரம் தனியாகவும் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனியாகவும் உடைந்து வரும். உருக்கமான வசனம் இப்படி வந்தால் கோழித் தொப்பியே தேவையில்லை. முழு எழுத்தாகச் சேர்த்து வரையும்படி ஒரு சிறு பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் ஒரு மாலை வேலை. தெரியாவிட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் எழுதியதைத் தருகிறேன்.

கரைமகள் எழுதியது:

நான் கடற்கரைக்காரி. ஆர்பிஜி அதிகம் விளையாடியதில்லை, தம்பி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தக்கலைக்காரர் முன்பு இன்னோர் இழையில் போட்டிருந்த வசனப் பக்கங்களைப் படித்தேன். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஆட்டத்தில் சிரிக்க வைப்பவர்கள் எல்லாரும் எங்கள் பேச்சில் பேசுகிறார்கள். ஜெனியும் அவள் அப்பாவும் பாடப்புத்தகத் தமிழ் பேசுகிறார்கள். ஒரே வீட்டில், ஒரே கரையில்! மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து நாங்கள் வாயைத் திறந்தாலே சிரிப்பவர்களைப் பார்த்துவிட்டோம். அழவேண்டிய நேரம் வந்ததும் எங்கள் பேச்சைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றால், நீங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறீர்கள்? தோவாளை அண்ணன் சொன்ன உச்சிக்குடும்பன் ஊர்ப் பேச்சு பேசலாம். பார்க்கிறவர்களும் அதே பேச்சுக்காரர்கள். உங்கள் ஆட்டம் இணையத்தில் ஓடப் போகிறது.

படகுகளை ஏலக்குரலில் எண்ணுவது. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது மேடைக்கு அழகு. கரையில் அப்படி யாரும் எண்ணமாட்டார்கள். யார் யார் வந்தார்கள் என்பது எண்ணாமலே எல்லாருக்கும் தெரியும். லூக்காஸ் மாமா உண்மையான ஏலக்காரர் என்றால் அவரிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர். அதனால்தான் அந்தப் படகு மீனை ஏலம் விடும் உரிமை அவருக்கு, ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கழிவு உண்டு. ஜெனியின் அப்பா அவருக்குக் கடன்காரர். முதல் பாதி முழுக்க நம்மைச் சிரிக்க வைத்த மனிதர், இரண்டாம் பாதியில் அந்தப் புத்தகத்தோடு வீட்டு வாசலில் நின்றால் என்ன பேசுவார்? கேட்க வந்தாரா, கிழிக்க வந்தாரா, அவருக்கே தெரியாமல் வந்தாரா? அதை எழுதுங்கள். அவர் வேடிக்கையாகப் பேச முயலட்டும். அது எடுபடாமல் போகட்டும்.

துக்க வீட்டில் சிரிப்பு வருமா என்றால், வரும். எங்கள் உறவில் ஒரு கஞ்சப் பெரியப்பா இறந்தபோது வெளியே நாற்காலி போட்டுக் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சொன்னார், "உயிரோடு இருந்தவரை ஒருவருக்கும் ஒரு சாயா வாங்கித் தராதவர், இன்றைக்கு ஊருக்கே ஊற்றுகிறார்" என்று. மகனே சிரித்துவிட்டார். ஆனால் அது உடல் வீட்டுக்குள் இருக்கும் துக்கம். உடல் கிடைக்காத வீடு வேறு. அங்கே அது துக்க வீடு என்று சொல்லவே யாருக்கும் வாய் வராது. லட்சத்தீவில் ஒதுங்கியிருப்பார்கள், மகாராஷ்டிரத்தில் கரையேறியிருப்பார்கள், குஜராத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது என்று பேச்சு போகும். ஒக்கியின்போது அப்படி உண்மையிலேயே பலர் அங்கெல்லாம் கரையேறினார்கள். அதனால் அந்தப் பேச்சு பொய்யும் அல்ல.

அந்த வீட்டிலும் வேடிக்கை உண்டு, வேறு மாதிரி. திரும்பி வரட்டும், அந்த மனிதரை என்ன கேள்வி கேட்கிறேன் பார் என்று வீட்டுக்காரி திட்டுகளைச் சேர்த்து வைப்பாள். போனை ஏன் அணைத்து வைத்தாய், காற்று மாறியது உனக்குத் தெரியாதா, பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டிய நாளில்தான் உனக்குக் கடலில் தங்கத் தோன்றியதா. கேட்பவர்களுக்குச் சிரிப்பும் வரும். ஜெனியின் அம்மாவை 'சிரிக்காமல் நிற்கும் ஆள்' ஆக்கிவிடாதீர்கள். இரண்டாம் பாதியின் சிரிப்பு அவளிடம்தான் இருக்கிறது.

அப்பாவின் முடிவைக் காட்டுவீர்களா என்று தெரியவில்லை. காட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

தக்கலைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கரைமகள் அக்கா, ஜெனியின் வசனத்தை முழுவதும் திருப்பி எழுதப் போகிறேன். என் சித்தி இன்னும் கரையில்தான் இருக்கிறார். அவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வேன். வேறு மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாது என்ற பயம்தான் என்னைத் தடுத்தது. சில சொற்களுக்கு மெனுவில் பொருள் கொடுத்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

திட்டுகளைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ஒவ்வொரு முறை ஜெனி வீட்டுக்கு வரும்போதும் அம்மா ஒரு திட்டு சொல்லுவாள். அது பையில் ஒரு பொருளாகச் சேரும். எம்வியில் பொருளுக்கு 'ஒருபோதும் பயன்படுத்த முடியாது' என்று அமைக்கலாம். மருந்து, கயிறு, தூண்டில் எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அப்பாவின் முடிவைக் காட்டப் போவதில்லை. அந்தப் பட்டியலோடு ஆட்டம் முடியலாம் என்று பார்க்கிறேன், இன்னும் உறுதி செய்யவில்லை.

தோவாளை அண்ணா, எண்ணும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கணக்குப் புத்தகம் வந்த பிறகு இரண்டையும் வைத்தால் லூக்காஸ் மாமா தாங்க மாட்டார். புத்தகத்தை வைத்துக்கொள்கிறேன்.

மேசைவிளக்கு, நண்டு அரக்கர்கள் ஜெனியின் மனத்துக்குள் என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொன்னால் முதல் பாதி விளையாடியவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். சொல்லாமல், புயலுக்குப் பிறகு பாறையில் வெறும் நண்டுகளை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். பிளகினுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

தோவாளைக் குடம் எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை, கரைமகளே. கணக்குப் புத்தகம் நல்ல இடம். மக்களே, அந்தக் காட்சியில் பாட்டு எதுவும் வைக்காதே. அலைச் சத்தம்கூட வேண்டாம். எல்லா ஆட்டத்திலும் அதைத்தான் வைக்கிறார்கள்.

வேப்பமூடு எழுதியது:

அரக்கன் விற்றுப்போவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. மனத்துக்குள் என்றாலும் சரி. அப்பாவின் படகுக் கடனும் ஏலமும் ஒரே ஆளிடம் என்றால் மட்டும், அந்தத் திறனை இரண்டாம் பாதியில் மெனுவில் மங்கலாகவாவது விட்டு வையுங்கள். எடுத்துவிட்டால் விளையாடுபவர் பிழை என்று நினைப்பார். அடுத்த பதிப்பு போனில் ஓடுமா?

தக்கலைக்காரன் எழுதியது:

இப்போதைக்கு விண்டோஸ் மட்டும்தான். எழுத்து உடையும் சிக்கல் தீர்ந்ததும் ஆண்ட்ராய்டுக்கும் முயல்கிறேன். சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள், கடற்கரைக்காரர்களுக்கு முதலில் அனுப்புவேன்.